பொன் வாரியமும் பட்டுச் சேலையின் சீட்டும்

உத்திரமேரூர்க் கல்வெட்டைக் குடவோலைத் தேர்தல் முறைக்காகவே நாம் நினைவில் வைத்திருக்கிறோம். வைகுண்டப் பெருமாள் கோயிலில் முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும், பொறிக்கப்பட்ட விதிகளில் ஏரி வாரியம், தோட்ட வாரியம் ஆகிய குழுக்களோடு பொன் வாரியம் என்ற ஒன்றும் வருகிறது. அதற்கு 6 பேர். பொன்னை உரைத்துப் பார்க்கத் தகுந்தவர்களை எப்படி நியமிப்பது என்பதற்கென்றே அதே ஊரில் பராந்தகன் காலத்து இன்னொரு கல்வெட்டும் உண்டு. வரியும் விலையும் பொன்னில் கொடுக்கப்பட்ட காலத்தில் மாற்றுக் குறைந்த பொன் ஊரையே கவிழ்த்துவிடும் என்று ஊர்ச் சபை அறிந்திருந்தது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரின் பெயரும், அவருடைய நெருங்கிய உறவினர் பெயரும் பிறகு குடவோலையில் எழுதப்படக் கூடாது என்று 921-ஆம் ஆண்டு விதி சொல்கிறது. பொருளைச் சோதிப்பவர் யார், அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற இரண்டு கேள்விகளுக்கும் அன்றைய விதியில் விடை இருந்தது. காஞ்சிப் பட்டின் மேல் இன்று ஒட்டப்படும் சீட்டுகளில் அந்த விடை இல்லை. கைத்தறிக்கு வந்த குறைகளில் பெரியது இதுதான் என்பது என் வாதம்.

துணியில் குறியிடும் வழக்கம் இந்தப் பகுதிக்குப் புதிதல்ல. 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையிலிருந்து கப்பலேறிய துணி மூட்டைகளில் இருந்தது, வாங்கிய ஐரோப்பியக் கம்பெனியின் முத்திரை. மாதிரித் துணியோடு ஒப்பிட்டுத் தரம் பிரித்தவர்கள் கம்பெனியின் ஆட்கள். கழித்து ஒதுக்கிய துணியின் நஷ்டம் நெசவாளர் தலையில் விழுந்தது. பிறகு 1889-இல் இந்திய வணிகக் குறிகள் சட்டம் வந்தது. துணியின் நீளத்தைக் கெஜக் கணக்கில் ஒவ்வொரு பீஸிலும் முத்திரையிட வேண்டும் என்றது அது. ஆனால் தொழிற்சாலைச் சட்டத்தின்கீழ் தொழிற்சாலை எனக் கருதப்பட்ட இடங்களின் துணிக்கே அந்தக் கட்டாயம். வீட்டுக் குழித்தறி அதன் கண்ணில் படவில்லை. இதனால் நெசவாளருக்குத் தொல்லை இல்லாமல் போனது உண்மை. அவர் துணிக்குச் சட்டத்தின் சாட்சியமும் இல்லாமல் போனது. கையால் செய்த துணியின் பெயரைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் சட்டமானது 1934-இல்தான். ஆலைத் துணியைக் கதர் என்று விற்ற மோசடி பெருகிய பிறகு, கையால் நூற்று, கையால் நெய்த துணிக்கே அந்தப் பெயர் உரியது என்று ஒரு சட்டம் வரையறுத்தது. அந்தச் சட்டத்துக்கு உயிர் இருந்ததற்குக் காரணம், காந்தி 1925-இல் தொடங்கிய அகில இந்திய நூற்போர் சங்கம். கதர்க் கடைகளுக்குச் சான்றிதழ் கொடுப்பதையும் தவறினால் பறிப்பதையும் அது ஏற்கெனவே செய்துவந்தது.

விடுதலைக்குப் பின் குறிகளுக்குப் பஞ்சமில்லை. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கிய 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தை விசைத்தறிக்காரர்கள் எதிர்த்தார்கள். உச்ச நீதிமன்றம் 1993-இல் அது செல்லும் என்றது. 2004-இல் சில்க் மார்க், 2006-இல் ஹேண்ட்லூம் மார்க், 2015-இல் இந்தியா ஹேண்ட்லூம் பிராண்ட் என்று வரிசையாக வந்தன. இதற்கிடையே 2005-06-இல் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடு பெற்றது. இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கத்தைத்தான் பார்க்கும். சில்க் மார்க் நூல் பட்டா என்று மட்டும் சொல்லும்; விசைத்தறியில் நெய்த பட்டும் அதைப் பெறலாம். ஹேண்ட்லூம் மார்க் தறியைச் சொல்லும், ஜரிகையைச் சொல்லாது. காஞ்சிச் சேலையின் விலையில் பெரும்பங்கு இந்த ஜரிகையில்தான் இருக்கிறது. செந்நிறப் பட்டு இழையின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசியது அசல் ஜரிகை. அதில் ஏறக்குறைய 40 விழுக்காடு வெள்ளி, அரை விழுக்காடு தங்கம். மீதி செம்பும் பட்டும். தரமான ஜரிகை கிடைக்க வேண்டும் என்றே 1971-இல் காஞ்சியில் தமிழ்நாடு அரசு ஜரிகை நிறுவனம் தொடங்கியது. சூரத்திலிருந்து வரும் ஜரிகையிலோ அசலும் உண்டு, செம்பில் நிறமேற்றியதும் உண்டு, பாலியெஸ்டரில் பளபளப்பதும் உண்டு. மூன்றையும் கண்ணால் பார்த்துப் பிரிக்கப் பழகிய கண் வேண்டும். சுத்தப் பட்டும் கைத்தறியும் உண்மையாகவே இருந்து, ஜரிகை மட்டும் பொய்யான ஒரு சேலை, இரண்டு குறிகளோடும் முறைப்படி கடைக்கு வந்துவிட முடியும்.

புவிசார் குறியீடு இந்த ஓட்டையை அடைக்க வேண்டியது. ஊர், கச்சா நூல், உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் பிணைக்கும் கோர்வை எல்லாம் அந்தப் பதிவில் அடங்கும். பொய்யாகப் பயன்படுத்தினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை என்று 1999-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் 2002-ஆம் ஆண்டு விதிகள், பதிவுக்கு விண்ணப்பிப்பவர் ஆய்வு ஏற்பாடு ஏதேனும் இருந்தால் அதைத் தெரிவிக்கலாம் என்றே கேட்கின்றன. ஆய்வு இல்லாவிட்டால் குறியீடே கிடையாது என்று அவை கேட்கவில்லை. பொன் வாரியத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய பின்வாங்கல் என்று தெரியும்.

இதற்கு மூன்று மறுப்புகள் எழும். சோதனை, சீட்டு, கட்டணம் என்று கூட்டினால் கூலிக்கு நெய்பவர் தலையில்தான் விடியும் என்பது முதலாவது. இந்தப் பயம் நியாயமானது. உத்திரமேரூர், வாலாஜாபாத் பக்கத்து ஊர்களில் வீட்டில் தறி வைத்திருப்பவர் பாவும் ஜரிகையும் முதலாளியிடமோ சங்கத்திடமோ வாங்கித்தான் நெய்கிறார். ஜரிகையைத் தேர்வு செய்வது அவர் கையில் இல்லை. ஆகவே ஜரிகைக்கான பொறுப்பும் சோதனைச் செலவும் கச்சாப் பொருளைக் கொடுப்பவரையும் விற்பவரையும் சேர வேண்டும். கடையின் பெயரே போதுமான உத்தரவாதம் என்பது இரண்டாவது. நல்ல கடைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்த நம்பிக்கையால் லாபம் அடைவது கடை மட்டும்தான்; இரண்டு பேர் உட்கார்ந்து கோர்வை போட்ட உழைப்புக்கு அதனால் கூலி உயர்வதில்லை. மூன்றாவது மறுப்பு கடினமானது. உத்திரமேரூர்ச் சபை பிராமணர்களின் சபை. நிலமும் வீடும் வேதப் படிப்பும் உள்ளவர்களுக்கே குடவோலையில் இடம். அதை எப்படி முன்மாதிரியாகக் கொள்வது? அந்தச் சபையை மீட்க வேண்டும் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சோதிப்பவர் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் என்ற ஒரு நெறியை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதை நடத்தும் தகுதி நெசவாளருக்கு உண்டு என்பதற்குக் காஞ்சியிலேயே சான்றும் இருக்கிறது. சென்னை அருங்காட்சியகத்தில் உள்ள உத்தம சோழனின் செப்பேடுகள், 10-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், காஞ்சி ஊரகத்துக் கோயிலின் பொறுப்பு அந்நகரத்து நெசவாளர்களான சாலியர்களிடம் ஒப்படைக்கப்பட்டதைச் சொல்கின்றன. கோயில் கணக்கை நம்பிக் கொடுத்த சமூகத்திடம் சேலைச் சோதனையைக் கொடுக்கத் தயங்க வேண்டியதில்லை.

ஜரிகையின் உலோக அளவை எக்ஸ் கதிர்க் கருவி துணியைச் சிதைக்காமல் சில நிமிடங்களில் சொல்லிவிடும். எனவே இது தொழில்நுட்பத்தால் முடியாத காரியம் அல்ல. காஞ்சியிலும் தறி உள்ள வட்டங்களிலும் ஒரு சோதனை மையம் வேண்டும். அதன் குழுவில் நெசவாளர்கள் தேர்ந்தெடுத்தவர்கள் பெரும்பான்மையாக இருக்க வேண்டும். ஆண்டுக் கணக்கை வெளியிடாதவர் அடுத்த முறை நிற்கக் கூடாது. கைத்தறித் துறை இதை விதியாக்க வேண்டும். அதுவரை சேலை வாங்குபவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: அடுத்த பட்டுக்குப் பணம் கொடுக்கும் முன், ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்பதை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள்.