சார்ஜ் இருக்கு... ஆனா எலெக்ட்ரிக் கார் ஸ்டார்ட் ஆகலையா? பதறாம இதையெல்லாம் செக் பண்ணுங்க!

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நைட் ஷிஃப்ட் முடிச்சு, பார்க்கிங்குக்கு வர்றீங்க. முந்தின நாள் 70 சதவிகிதம் சார்ஜோட நிறுத்தின எலெக்ட்ரிக் கார் அசையவே மாட்டேங்குது. 'பேட்டரி போச்சு, லட்சக்கணக்குல செலவு'ன்னு மனசு அடிச்சுக்கும். ஆனா, இந்த மாதிரி நேரத்தில் முதலில் சந்தேகப்பட வேண்டியது அந்தப் பெரிய பேட்டரியை இல்லை. அதே காரில் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியைத்தான்!

எலெக்ட்ரிக் காரில் எதுக்கு இன்னொரு பேட்டரி?

சக்கரத்தைச் சுழற்றுவது பெரிய பேட்டரி. இன்றைய கார்கள் பலவற்றில் இது 300 வோல்ட்டுக்கும் மேல். பாதுகாப்புக்காக, கார் ஆஃப் ஆனதும் இதன் இணைப்பை கான்டாக்டர் என்ற பெரிய ஸ்விட்ச்கள் துண்டித்துவிடும். திரும்ப இணைக்க அந்த ஸ்விட்ச்களுக்கு மின்சாரம் கொடுப்பது 12 வோல்ட் பேட்டரி. டோர் லாக், டிஸ்ப்ளே, கம்ப்யூட்டர் எல்லாத்துக்கும் அதுதான் ஆதாரம். அது படுத்துட்டா, பெரிய பேட்டரி ஃபுல்லா இருந்தாலும் பூட்டின பீரோவில் இருக்கிற பணம் மாதிரிதான்.

இந்தச் சின்ன பேட்டரியை சார்ஜ் செய்யும் பாகத்தில் கோளாறு வந்தாலும் இதே கதைதான். 2024 ஜூனில் ஹூண்டாய் நிறுவனம், இந்தியாவில் விற்ற 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்ததற்குக் காரணம் இதுதான். அதனால், உங்க மாடலுக்கு ரீகால் இருக்கான்னு சர்வீஸ் சென்டரில் கேட்டு வெச்சுக்கோங்க.

டிஸ்ப்ளேவைப் பாருங்க!

*எதுவுமே எரியலையா?* டிஸ்ப்ளே மினுக்குது, 'டிக் டிக்'னு சத்தம் வருது, சம்பந்தமில்லாத வார்னிங் எல்லாம் வரிசையா வருதுன்னாலும் 12 வோல்ட் பேட்டரி வீக்குன்னு அர்த்தம். நல்லா இருக்கிற லெட் ஆசிட் பேட்டரி, ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12-க்குக் கீழே இறங்கினா சிக்கல். டோரே திறக்கலைன்னா, ரிமோட் கீக்குள்ளே ஒளிஞ்சிருக்கிற சின்ன சாவியை உருவித் திறங்க.

*டிஸ்ப்ளே வருது, 'ரெடி' மட்டும் வரலையா?* பிரேக்கை நல்லா அழுத்தி ஸ்டார்ட் பட்டனைத் தட்டுங்க. கியர் 'பி' அல்லது 'என்'-ல் இருக்கணும். சார்ஜிங் கன் மாட்டியிருந்தா கார் நகராது, கழற்றுங்க. 'கீ இல்லை'ன்னு வந்தா ரிமோட்டின் பட்டன் செல் தீர்ந்திருக்கலாம். பல மாடல்களில் ரிமோட்டை ஸ்டார்ட் பட்டன் மேலேயே வெச்சு அழுத்தினா வேலை செய்யும்.

*சிவப்பு வார்னிங் அணையவே இல்லையா?* நீங்களா எதையும் கழற்றாதீங்க. நேரா சர்வீஸுக்கு போன் போடுங்க.

ஜம்ப் ஸ்டார்ட் பண்ணலாமா?

12 வோல்ட் பேட்டரிக்கு மட்டும், அதுவும் ஓனர் மேனுவல் அனுமதிச்சா பண்ணலாம். மேனுவல் காட்டும் இடத்தில், காட்டும் வரிசையில் மட்டும் கேபிளை மாட்டுங்க. 'ரெடி' வந்ததும் உடனே ஆஃப் பண்ணாதீங்க. அந்த நிலையில்தான் பெரிய பேட்டரி சின்னதுக்கு சார்ஜ் ஏத்தும். அரை மணி நேரமாவது விடுங்க. அதேபோல, உங்க எலெக்ட்ரிக் காரை வெச்சு இன்னொரு வண்டிக்கு ஜம்ப் கொடுக்க பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை.

இதையெல்லாம் செய்யவே செய்யாதீங்க!

* 'நாலு பேர் தள்ளினா ஸ்டார்ட் ஆயிடும்'னு கேட்டுல இருக்கிற அண்ணன் சொல்வார். எலெக்ட்ரிக் காரில் தள்ளி ஸ்டார்ட் பண்ண இன்ஜினும் இல்லை, கிளட்ச்சும் இல்லை.
* கயிறு கட்டி இழுக்காதீங்க. சக்கரம் சுழன்றா மோட்டாரும் சுழன்று மின்சாரம் உற்பத்தியாகலாம். நாலு சக்கரமும் தரையில் படாம ஏத்திட்டுப் போகும் ஃபிளாட்பெட் வண்டிதான் சரி.
* ஆரஞ்சு நிற கேபிள்களைத் தொடவே கூடாது. அது உயர் அழுத்த மின்சாரம். பக்கத்து மெக்கானிக்கையும் தொட விடாதீங்க.
* 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் நம்ம பக்கம் என்ன பண்ணுச்சுன்னு மறந்திருக்க மாட்டீங்க. காருக்குள் தண்ணி புகுந்திருந்தா ஸ்டார்ட்டும் பண்ணாதீங்க, சார்ஜும் போடாதீங்க. போட்டோ எடுத்துட்டு இன்ஷூரன்ஸ், சர்வீஸ் ரெண்டுக்கும் தகவல் சொல்லுங்க.

நெடுஞ்சாலையில் நின்னுட்டா?

கவரைப்பேட்டை, எளாவூர் பக்கம் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் டிரெய்லர் லாரிகள் ஓயாது. ஹசார்டு லைட் போட்டு, முடிஞ்சா ஓரம் கட்டுங்க. எல்லோரும் இறங்கி, தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. அப்புறம் கார் நிறுவனத்தின் ரோடுசைடு அசிஸ்டன்ஸை அழைங்க. தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033. புகையோ, கருகின வாசனையோ வந்தா உடனே தள்ளிப்போய் 112-க்குக் கூப்பிடுங்க.

வராம தடுக்க...

பார்க்கிங்கில் உட்கார்ந்து பாட்டு கேட்கணும்னா 'ரெடி'யில் வெச்சுக் கேளுங்க. வெறும் ஆக்சசரி மோடில் பல கார்களில் சின்ன பேட்டரிதான் கரையும். எப்பவும் ஓடுற டேஷ்கேமும் அதைக் காலி பண்ணும். வாரக்கணக்கில் ஊருக்குப் போறீங்கன்னா, மேனுவல் சொல்ற மாதிரி நிறுத்திட்டுப் போங்க. ஒவ்வொரு சர்வீஸிலும் '12 வோல்ட் பேட்டரியை டெஸ்ட் பண்ணீங்களா?'ன்னு கேளுங்க. வயசானா அதை மாத்தத்தான் வேணும். ஆனா, பெரிய பேட்டரி விலையோட ஒப்பிட்டா அது சின்ன செலவுதான்!