தமிழ் மேடைப் பேச்சு பிறந்த கதை

பொதுமக்கள் கூட்டத்தின் முன் நின்று, உரைநடைத் தமிழில் வாதிட்டு, கேட்பவரின் மனத்தை மாற்ற முயலும் மேடைப் பேச்சுக்குத் தமிழில் இரு நூற்றாண்டு வயதுகூட ஆகவில்லை எனலாம். அரசனுக்கு அறிவுரை சொன்ன புலவர்களும் சமயவாதம் நடந்த பட்டிமண்டபங்களும் பழங்காலத்திலேயே உண்டு. அவை பெரும்பாலும் ஆள்வோரையும் கற்றோரையும் நோக்கியவை. உழவரையும் வணிகரையும் கூலித் தொழிலாளரையும் ஒருசேர நிறுத்தி, அவர்களை ஒரு முடிவுக்கு வரச் சொல்லும் பேச்சு 19-ஆம் நூற்றாண்டில்தான் வேர்விட்டது. அதற்கு முன்மாதிரி கிறித்தவ மிஷனரிகளின் பிரசங்கம்.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் அன்று புராண படனம் வழக்கில் இருந்தது. ஒருவர் செய்யுளை இசையோடு வாசிக்க, மற்றொருவர் பயன் சொல்வார். கேட்பவர்களுக்குக் கதை முன்பே தெரியும். அதைக் கேட்பதே புண்ணியம். மிஷனரியின் பிரசங்கமோ விவிலிய வசனம் ஒன்றை எடுத்து, பொருள் விரித்து, கேட்பவரின் அன்றாட நடத்தையில் கைவைத்தது. குடியை விடு, வழிபாட்டை மாற்று என்று நேராகக் கேட்டது. இந்த முறையின் வலிமையை உள்ளிருந்தே அறிந்தவர் நல்லூர் ஆறுமுகம். 1822-இல் பிறந்த அவர், வெஸ்லியன் மிஷன் பள்ளியில் பயின்று அங்கேயே ஆசிரியரானார்; பீட்டர் பெர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்பில் உடன் உழைத்தார்.

1847 டிசம்பர் 31, வெள்ளிக்கிழமை. வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் அவர் தம் முதல் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். அது வெள்ளிதோறும் தொடர்ந்தது; நண்பர் கார்த்திகேய ஐயரும் சேர்ந்துகொண்டார். கொல்லாமை, கள்ளுண்ணாமை, சிவலிங்க வழிபாடு, தானம் எனப் பொருள்கள் அமைந்தன. எதிராளியின் கருவியையே எடுத்து எதிராளிக்கு விடை சொன்ன அந்தத் துணிவு, சமயத்தைவிடத் தமிழ்ப் பேச்சுக்கே பெரிய கொடையாக முடிந்தது. 1849-இல் திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு அளித்த ‘நாவலர்’ பட்டம், ஏட்டுப் புலமையோடு நாவன்மைக்கும் கிடைத்த மதிப்பு.

அரசியல் இந்தக் கருவியைக் கைக்கொள்ள அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. சென்னை மகாஜன சபையிலும் காங்கிரசிலும் ஆங்கிலமே ஓங்கியிருந்தது. சுதேசமித்திரனை நிறுவிய ஜி. சுப்பிரமணிய ஐயர் போன்ற சிலரே ஊர் ஊராகச் சென்று தமிழில் பேசினர். 1907 மே மாதம் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் திரண்ட கூட்டத்துக்கு விபின் சந்திர பாலர் ஆற்றிய புகழ்பெற்ற சொற்பொழிவுகளும் ஆங்கிலத்திலேயே இருந்தன.

தூத்துக்குடியில் நிலை மாறியது. 1908 தொடக்கத்தில் வ. உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அங்கே தொடர்ந்து கூட்டம் நடத்தினர். கேட்க வந்தவர்களில் கோரல் ஆலைத் தொழிலாளரும் இருந்தனர். வேதாந்தமும் சுதேசியமும் கலந்து பேசிய சிவா, ரஷ்யப் புரட்சி அந்நாட்டு மக்களுக்கு நன்மையே செய்தது என்றார். பிப்ரவரி இறுதியில் ஆலையில் வேலைநிறுத்தம் வெடித்தது. நிர்வாகம் கூலி உயர்வுக்கு இணங்கியது. மார்ச் 12-இல் இருவரும் கைதாயினர். மறுநாள் திருநெல்வேலியில் கலவரம் மூண்டது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. ராஜதுரோக வழக்கில் முதன்மைக் குற்றமாக நின்றது பேச்சுதான். நீதிபதி பின்ஹே வ.உ.சி.க்கு இரட்டை ஆயுள் தண்டனையும் சிவாவுக்குப் 10 ஆண்டு நாடு கடத்தலும் விதித்தார், வ.உ.சி.யின் தண்டனைகளில் ஒன்று சிவாவுக்குத் துணைநின்றதற்கானது. மேல்முறையீட்டில் தண்டனை குறைந்தது. ஆயினும் அரசு தமிழ்ப் பேச்சை எந்த அளவுக்கு அஞ்சியது என்பதை அந்த முதல் தீர்ப்பே காட்டுகிறது.

நாவலர் மரபுக்கும் அரசியல் மேடைக்கும் நேரடியான ஓர் இணைப்பும் உண்டு. நாவலர் வழியைப் போற்றிய யாழ்ப்பாணத்து நா. கதிரைவேற் பிள்ளை, சென்னையில் தமிழ் கற்பித்தார். அவரிடம் பயின்ற திரு. வி. கலியாணசுந்தரனார் சைவச் சொற்பொழிவுகளில் பழகி, 1917-இல் ‘தேசபக்தன்’ ஆசிரியரானார். 1918 ஏப்ரல் 27-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது அதன் தலைவர் பி. பி. வாடியா ஆங்கிலத்தில் பேசினார். பின்னி ஆலைத் தொழிலாளரின் நெஞ்சைத் தொட்டவை திரு.வி.க.வின் தமிழ்ச் சொற்கள். புலமையின் மிடுக்குக் குறையாமலே எளியவருக்கும் விளங்கும் ஒரு மேடைத் தமிழை அவர் வார்த்தெடுத்தார். 1921 ஆலைப் போராட்டத்தின்போது ஆளுநர் வில்லிங்டன் அவரை அழைத்து, நாடு கடத்திவிடுவதாக எச்சரித்தார். அதற்குள் தமிழில் பேசத் தெரியாதவர் தமிழ்நாட்டில் மக்கள் தலைவராவது அரிதாகிவிட்டது.