தடித்த எழுத்து: ஈய அச்சும் கல்லச்சும்

தடித்த எழுத்து என்றால் இன்றைய பிள்ளைகளுக்குக் கணினியில் ஒரு பொத்தான். அமத்தினால் வந்துவிடும். அது அச்சுலகில் உரிய இடம் பிடித்த கதை 1845இல் லண்டனில் தொடங்குகிறது. அங்கே ஃபான் வீதி எழுத்து வார்ப்புச் சாலையில் ரொபர்ட் பெஸ்லி 'கிளாரெண்டன்' என்ற எழுத்தை வெளியிட்டார். தடித்த தண்டுகள், அவற்றின் நுனியில் குறுக்கே நிற்கும் சிறு கோடு (செரிஃப் என்பார்கள்) வளைவோடு தண்டில் இணையும். தடித்த எழுத்துகள் அதற்கு முன்பும் இருந்தனதான், ஆனால் அவை சுவரொட்டிக்கு உரியவை. கிளாரெண்டனோ சாதாரண எழுத்தின் வரிக்குள்ளேயே நின்று ஒரு சொல்லை மட்டும் தூக்கிக் காட்டியது. அகராதிக்காரர்கள் விடுவார்களா? தலைச்சொல்லுக்கு அதையே பிடித்துக்கொண்டார்கள். பெஸ்லிக்குக் கிடைத்த பதிவுரிமை மூன்று வருடம் மட்டுமே. அது முடிந்ததும் மற்றவர்களும் பார்த்து வெட்டினார்கள்.

ஈய அச்சில் ஒவ்வொரு தடிப்புக்கும் எழுத்தைப் புதிதாக வெட்டி வார்க்க வேண்டும். ஆங்கிலத்துக்கு 26 எழுத்து, இரண்டு வடிவம். தமிழுக்கோ உயிர்மெய்களால் உருக்கள் பெருகும். கூடவே ஞ, ணூ, ஐ போன்றவற்றின் சுழிகள் தடித்தால் மை அடைத்துக்கொள்ளும். ஆகவே பழைய தமிழ் அச்சகங்கள் முக்கியத்துவத்தைத் தடிப்பால் அல்ல, பருமனால் காட்டின. 'பெரிய எழுத்து' என்று அட்டையிலேயே போட்டு விக்கிரமாதித்தன் கதை விற்றார்கள். 1882 டிசம்பர் 21இல் சித்திலெவ்வை கண்டியில் முஸ்லிம் நேசனைத் தொடங்கியது இப்படிப்பட்ட அச்சுக் காலத்தில்தான்.

ஆனால் நம் வீட்டு அலுமாரியில் வேறொரு வழி இருந்தது. அறபுத்தமிழ்க் கிதாபுகள் பெரும்பாலும் கல்லச்சில் வந்தவை. தமிழ் ஒலிகளுக்காகக் கூடுதல் புள்ளியிட்ட எழுத்துகளையும், மேலும் கீழும் வரும் உயிர்க்குறிகளையும் ஈயத்தில் வார்ப்பது லேசான காரியமல்ல. காதிபு கையால் எழுதியதைக் கல்லில் ஏற்றி அச்சிட்டார்கள். தடிப்பு வேண்டுமா, கலத்தின் நுனியை அகலமாகச் சீவினால் போதும். வார்ப்புச் சாலை தேவையில்லை, பதிவுரிமையும் இல்லை. 1869இல் கொழும்பில் பாபா யூனுஸ் சல்தீன் நடத்திய 'ஆலமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகையும் கல்லச்சுதான். லண்டன் பெருஞ்செலவில் செய்ததை நம் காதிபுமார் ஒரு பேனாக்கத்தியால் செய்தார்கள் என்பது என் கணிப்பு. அவர்களில் பலருடைய பெயர்கூட நமக்கு மிஞ்சவில்லை.

இந்தக் கிதாபுகள் இன்று வாசிப்பாரின்றிக் கிடக்கின்றன. நைந்துபோனால் மண்ணுக்குள் போகின்றன. மாத்தளையில் என் வகுப்புக்கு ஒன்றைக் கொண்டுபோனேன். தலைப்பு எது என்று கேட்டேன். படிக்கத் தெரியாமலே தடிப்பை வைத்துப் பிள்ளைகள் விரல் வைத்தார்கள். ஓதப்போகும் ஒரு பிள்ளை அந்தத் தடித்த வரியை அலிஃப், பே என்று எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "சேர், இது தமிழ்தானே!" என்றது.