மனநிறைவும் பணித்தகுதியும்: ஒரத்தநாட்டுக் கல்லூரிகளை முன்வைத்து

கல்லூரியின் தரம் குறித்து மாணவரையே கேட்டறியும் வழக்கத்தை, தேசியத் தர மதிப்பீட்டு அவை (நாக்) 2017இல் தன் புதிய மதிப்பீட்டு முறையில் சேர்த்தது. மாணவர் மனநிறைவு ஆய்வு என்னும் அந்தப் படிவத்தில் 21 கேள்விகள். இருபதுக்குப் பூஜ்யம் முதல் நான்கு வரை மதிப்பெண் இடவேண்டும். கடைசிக் கேள்விக்கு மட்டும் மாணவர் தம் சொந்த வார்த்தையில் எழுதலாம். இக்கட்டுரைக்கு உரியது பதினெட்டாவது கேள்வி. மென்திறன், வாழ்க்கைத்திறன், வேலைக்கான திறன் ஆகியவற்றை வளர்த்து உங்களை வேலை உலகுக்குத் தயாராக்க முயற்சி எடுக்கப்படுகிறதா என்பது அதன் சாரம். தயாராகிவிட்டீர்களா என்று அது கேட்பதில்லை. கேட்டாலும் பயனில்லை, பதில் சொல்பவர் இன்னும் ஒருநாள்கூட வேலைக்குப் போகாதவர்.

மாணவரின் மனநிறைவைப் பணித்தகுதிக்குச் சான்றாகக் கொள்ளக்கூடாது என்பது என் வாதம். படிக்கும் காலத்திலேயே, மேற்பார்வையின்கீழ், பிறருக்குப் பதில் சொல்ல வேண்டிய ஒரு பொறுப்பை மாணவர் ஏற்றுச் செய்தாரா என்பதே பணித்தகுதியைத் தீர்மானிக்கிறது. இதைப் பார்க்கக் காவிரி டெல்டாவிலுள்ள ஒரத்தநாடு நல்ல களம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கல்லூரி 2012 முதல் இங்கே இயங்குகிறது. அருகே ஈச்சங்கோட்டையில் 2014இல் தொடங்கிய வேளாண்மைக் கல்லூரி, இன்று எம்.எஸ். சுவாமிநாதன் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஊரிலேயே அரசு மகளிர் கலை அறிவியல் கல்லூரியும் உண்டு. மூன்றிலும் டெல்டாப் பிள்ளைகள் படிக்கிறார்கள். ஆனால் படிப்புக்கும் வேலைக்கும் உள்ள உறவு மூன்றிலும் மூன்று விதம்.

கால்நடை மருத்துவப் பட்டம் ஐந்தரை ஆண்டு. அதில் கடைசி ஓராண்டு கட்டாய இன்டர்ன்ஷிப் என்பது இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சிலின் 2016 விதி. அந்த ஓராண்டில் என்ன நடக்கிறது? கன்று போட முடியாமல் ஒரு மாடு தவிக்கிறது. கன்றின் முன்கால்கள் இரண்டும் வெளியே வந்துவிட்டன. தலை பின்னோக்கித் திரும்பிக் கிடக்கிறது. தோள்வரை கையுறை மாட்டிய பயிற்சி மருத்துவர் கன்றை இழுக்கக்கூடாது. முதலில் உள்ளே தள்ள வேண்டும், இடம் கிடைத்த பிறகே தலையைப் பிடித்து நேராக்க முடியும். பாடநூலில் இது சில வரிகள். மாடு முக்கும் ஒவ்வொரு முறையும் உள்ளே இருக்கும் கை நசுங்கி மரத்துப்போகும். மாட்டுக்காரரோ பக்கத்தில் நின்று, “மாடு பொழச்சுக்குமா, டாக்டர்?” என்று விடாமல் கேட்பார். இருபத்துமூன்று வயதில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அன்று மாலையே மனநிறைவுப் படிவத்தை நீட்டினால் அவர் நல்ல மதிப்பெண் போடுவாரா என்பது சந்தேகம்தான்.

இது வெறும் ஊகமில்லை. அமெரிக்க விமானப்படை அகாதமியில் மாணவர்கள் தாமாக ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க முடியாது, குலுக்கல்போல ஒதுக்கப்படுவார்கள். அங்கே கேரல், வெஸ்ட் இருவரும் செய்து 2010இல் வெளியிட்ட ஆய்வின்படி, மாணவரிடம் நல்ல மதிப்பெண் பெற்ற ஆசிரியர்களின் வகுப்பில் அந்தப் பாடத்தின் தேர்ச்சி உயர்ந்தது. ஆனால் அதைத் தொடர்ந்து வரும் மேல்நிலைப் பாடத்தில் அதே மாணவர்கள் பின்தங்கினார்கள். பாப் அட்டல் குழுவினர் 2017இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்து மறுகணக்கிட்டபோது, ஆசிரியர்மேல் மாணவர் இடும் மதிப்பெண்ணுக்கும் மாணவர் உண்மையில் கற்றதற்கும் குறிப்பிடத்தக்க தொடர்பே தென்படவில்லை. உடனடியாகத் தேர்வில் உதவுவது மாணவருக்குப் பிடிக்கிறது. பின்னால் உதவுவது அப்போது சுமையாகவே தெரிகிறது.

வேளாண்மைக் கல்லூரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கிராமத் தங்கல் திட்டத்தில் இறுதியாண்டு மாணவர்கள் ஊரில் தங்கி, விவசாயிகளோடு வயலில் இறங்குகிறார்கள். கால்நடை மருத்துவப் பயிற்சியின் அழுத்தம் அதில் இல்லை. தவறினால் நட்டமடையப்போகும் ஆள் எதிரே நிற்பதில்லை. ஆனாலும் வேலை படிப்புக்குள்ளேயே இருக்கிறது.

சிக்கல் கலை அறிவியல் படிப்பில்தான். பாப்பாநாடு, திருவோணம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பஸ் ஏறி வரும் பெண்களுக்கு, வீட்டில் பட்டம் வாங்கும் முதல் ஆளாக இருப்பதே பெரிய காரியம். 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் அதற்குக் கைகொடுக்கிறது. இவர்களின் மனநிறைவுக்குத் தனி மதிப்பு உண்டு. அதை நான் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அதே ஆண்டில் வந்த நான் முதல்வன் திட்டம் தரும் திறன் வகுப்புகளோ பாடத்திட்டத்தின் ஓரத்தில் ஒட்டவைத்தவை. பயனில்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்குவது வேறு, பொறுப்பேற்பது வேறு.

நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். பருவகாலப் பட்டியல் எழுத்தர் வேலைக்கு அறிவியல் பட்டதாரிகளைத்தான் அழைக்கிறார்கள். ஈரப்பதம் அளக்கும் தத்துவம் வேதியியல் படித்தவருக்குப் புதிதில்லை. ஆனால் மீட்டர் 19 காட்டுகிறது, அனுமதி 17 விழுக்காடுதான். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. களத்தில் நெல்லைக் கொட்டிவிட்டு நாள்கணக்காகக் காத்திருப்பவரிடம் “இன்னும் காயணும்யா” என்று சொல்லி, அவருடைய கோபத்தையும் தாங்கி, 40 கிலோ சிப்பங்களின் கணக்கையும் பிசகில்லாமல் முடிக்க வேண்டும். இதை எந்த மென்திறன் வகுப்பும் கற்றுத்தராது. ஒரு சம்பா அறுவடைக் காலம் கற்றுத்தரும்.

வேலையே இல்லாதபோது தகுதியைப் பேசி என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் மனித வளர்ச்சி நிறுவனமும் 2024இல் வெளியிட்ட இந்திய வேலைவாய்ப்பு அறிக்கையின்படி, 2022இல் பட்டதாரி இளைஞரிடையே வேலையின்மை 29.1 விழுக்காடு, எழுதப் படிக்கத் தெரியாத இளைஞரிடையே 3.4 மட்டுமே. பட்டதாரி தகுதியற்றவர் என்பதால் மட்டும் இந்த இடைவெளி வரவில்லை. படித்த படிப்புக்கேற்ற வேலை குறைவு, வீட்டில் கொஞ்சம் காத்திருக்க முடிகிறது என்பவையும் காரணம். பணித்தகுதி என்ற பேச்சு வேலையின்மையின் பழியைப் பட்டதாரிமேலேயே சுமத்தவும் பயன்படுகிறது. ஆனால் டெல்டாவில் இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. 2020ஆம் ஆண்டுச் சட்டம் இப்பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கி, உருக்காலை, தோல் பதனிடும் தொழிற்சாலை போன்றவற்றைத் தடுத்தது. அது சரியான முடிவு. அப்படியானால் இங்கே வளரக்கூடிய வேலை நெல்லையும் தென்னையையும் மாட்டையும் சுற்றித்தான். அந்த வேலைக்குப் பழக்காமல் சென்னை நேர்காணலுக்கு மட்டும் பழக்குவது, வேலையின்மையைக் கல்லூரியே தன் பங்குக்குக் கூட்டுவதாகும்.

பிரிட்டனில் இறுதியாண்டு மாணவரின் கருத்தை 2005 முதல் ஓர் ஆய்வு கேட்கிறது. படிப்பு முடிந்து பதினைந்து மாதம் ஆனபின் இன்னோர் ஆய்வு பட்டதாரியின் நிலையைக் கேட்கிறது. இரண்டும் வேறு வேறு செய்தி என்ற தெளிவு அங்கே இருக்கிறது. நாக் படிவத்தின் பதினெட்டாவது கேள்வியையும் மாணவரிடமிருந்து எடுத்து, பட்டம் பெற்று ஈராண்டு ஆனவரிடம் வைக்க வேண்டும். அதைவிட அவசரமானது ஒன்று உண்டு. கலை அறிவியல் பாடத்திட்டத்தில் ஒரு பருவத்தின் கணிசமான பகுதியை, கொள்முதல் நிலையம், தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம், பால் கூட்டுறவுச் சங்கம் போன்ற இடங்களில் பொறுப்புடன் செய்யும் வேலைக்கு ஒதுக்க வேண்டும். அதற்கு உதவித்தொகையும் தர வேண்டும். கல்லூரி தனியாக இதைச் செய்துவிட முடியாது. பாடத்திட்டக் குழுக்களும் கூட்டுறவுத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து, அடுத்த பாடத்திட்டத் திருத்தத்துக்குள் இதை முடிவு செய்ய வேண்டும்.