பிக்கல்பால்: ஓங்கி அடிப்பவர் ஏன் எப்போதும் வெல்வதில்லை?

பிக்கல்பால் ஆடத் தொடங்கிய முதல் வாரத்திலேயே நீங்கள் ஒருவரைப் பார்த்திருப்பீர்கள். எந்தப் பந்து வந்தாலும் ஓங்கி அடிப்பார். பாதிப் பந்துகளை யாராலும் எடுக்க முடியாது. "செமையா ஆடுறாரே!" என்று தோன்றும்.

அதே திடலில் ஐம்பது, அறுபது வயதில் இருவர் இருப்பார்கள். வலைக்குக் கொஞ்சம் தள்ளி நின்று பந்தை மெதுவாகத் தட்டிக்கொண்டே இருப்பார்கள். வியர்வைகூட அவ்வளவாகத் தெரியாது. ஓங்கி அடிப்பவர் அவர்களிடம் 11-3 என்று தோற்றுவிட்டு, "இன்னைக்குக் கை சரியில்ல" என்பார்.

அவர் கை சரியாகத்தான் இருக்கிறது. விளையாட்டின் விதிமுறைதான் அவருக்குச் சாதகமாக இல்லை.

விதி எங்கே தடுக்கிறது?

1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெயின்பிரிட்ஜ் தீவில் ஜோயல் பிரிச்சர்டும் அவருடைய நண்பர் பில் பெல்லும் வீட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்குக்காகப் பழைய பூப்பந்துத் திடலில் தொடங்கியதுதான் இந்த விளையாட்டு. அதனால்தான் திடலின் அளவு பூப்பந்து இரட்டையர் திடலின் அளவே: 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம்.

வலையின் இரு பக்கமும் 2.13 மீட்டர் வரை உள்ள இடத்துக்குக் 'கிச்சன்' என்று பெயர். அதற்குள் நின்றுகொண்டு, தரையில் படாத பந்தை அடிக்கக்கூடாது. வெளியே நின்று அடித்தாலும், அடித்த வேகத்தில் கால் கோட்டில் பட்டால் தவறு. பெரிதாகக் கையை வீசி அடிப்பவர்கள் புள்ளியை இழப்பது பல நேரம் இப்படித்தான்.

(ஒரு சின்ன விஷயம்: பூப்பந்துத் திடலில் ஆடும்போது அதன் முன்கோட்டைக் கிச்சன் கோடாக எடுத்துக்கொள்பவர்கள் உண்டு. அது வலையிலிருந்து 1.98 மீட்டரில்தான் இருக்கிறது. 15 சென்டிமீட்டர் குறைவு. டேப் ஒட்டிக்கொள்வது நல்லது.)

இப்போது வலையைப் பாருங்கள். ஓரங்களில் 91 சென்டிமீட்டர், நடுவில் 86 சென்டிமீட்டர். எதிராளி மெதுவாகத் தட்டிய பந்து உங்கள் கிச்சனில் விழுந்து முழங்கால் உயரத்துக்கு எழும்புகிறது. அதை ஓங்கி அடித்தால்? வலையைத் தாண்ட மேல்நோக்கித்தான் அடித்தாகவேண்டும். வேகத்தோடு மேலே போகும் பந்து ஒன்று வெளியே போகும், அல்லது எதிராளியின் நெஞ்சு உயரத்தில் போய் நிற்கும். அவர் கீழ்நோக்கி அடித்துவிடுவார். கதை முடிந்தது.

கேரம் ஆடியவர்களுக்கு இது புதிதல்ல. குழியின் வாயில் நிற்கும் காயை முழு பலத்தோடு சுண்டினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

மூன்றாவது அடி

சர்வீஸ் பந்து ஒருமுறை தரையில் துள்ளவேண்டும். அது திரும்பி வரும்போதும் ஒருமுறை துள்ளவேண்டும். இதன் விளைவு பெரிது. சர்வீஸ் போட்ட அணி பின்கோட்டிலேயே காத்திருக்கவேண்டும். எதிரணி அதற்குள் கிச்சன் கோட்டுக்கு வந்து, மட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

அந்த நேரத்தில் மூன்றாவது அடி உங்களுடையது. ஓங்கி அடித்தால், எதிராளி மட்டையை அசையாமல் காட்டினாலே போதும். உங்கள் வேகத்திலேயே பந்து திரும்பி வரும். அதோடு, ஓட்டைகள் நிறைந்த இந்த பிளாஸ்டிக் பந்து சுமார் 25 கிராம்தான். காற்றிலேயே வேகத்தை இழந்துவிடும். பின்கோட்டிலிருந்து நீங்கள் அடித்த அடி உங்களுக்குத் தோன்றுகிற அளவுக்கு அவருக்குப் பயங்கரமாக இருக்காது.

அதற்குப் பதிலாகப் பந்து வலையைத் தாண்டி எதிராளியின் கிச்சனில் இறங்கும்படி மெல்லத் தூக்கிப் போடுங்கள். அது துள்ளி எழும் நேரத்தில் நீங்களும் உங்கள் கூட்டாளியும் முன்னேறிவிடலாம். இதுதான் 'டிராப்'. முன்கோட்டுக்கு வந்த பிறகு, கிச்சனிலிருந்து கிச்சனுக்குத் தட்டுவது 'டிங்க்'. மட்டையை முட்டையைப் பிடிப்பதுபோல் தளர்வாகப் பிடியுங்கள். முழங்காலை மடக்குங்கள். மணிக்கட்டைச் சுழற்றாமல் தோளிலிருந்து தள்ளுங்கள்.

சொல்வது சுலபம். டிராப்தான் இந்த விளையாட்டில் கற்றுக்கொள்ள ஆகக் கடினமான அடி. முதல் சில வாரங்கள் வலையில்தான் விழும். அந்தச் சமயத்தில் ஓங்கி அடிப்பவர்களிடம் தோற்றுக்கொண்டே இருப்பீர்கள். தொடக்க நிலையில் வேகமாக அடித்தால் எதிராளி தவறு செய்வார் என்பது உண்மைதான். ஆனால் பந்தைத் தடுக்கத் தெரிந்தவர்கள் எதிரே வந்ததும் அந்த வெற்றிகள் நின்றுபோகும். அப்போதுதான் பலர் கையில் வேறு அடியே இல்லை என்பதைக் கவனிக்கிறார்கள்.

அப்படியென்றால் அடிக்கவே கூடாதா?

யார் சொன்னது? அமெரிக்காவின் ஆனா லீ வாட்டர்ஸ் வேகமாகத் தாக்கி ஆடிப் பெயர் வாங்கியவர். கார்பன் மட்டைகள் வந்தபின் தொழில்முறை ஆட்டத்தில் வேகம் கூடியிருக்கிறது. ஆனால் அவர்கள் எந்தப் பந்தை அடிக்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். பெரும்பாலும் வலைக்கு மேலே எழும்பிய பந்து. டிங்க் செய்து, காத்திருந்து, ஒன்று உயர்ந்ததும் அடிக்கிறார்கள். அடிக்கும் இடமும் முக்கியம்: எதிராளியின் பாதத்துக்கு அருகில், அல்லது "உன்னோடதா, என்னோடதா?" என்று இருவரும் தயங்கும் நடுப்பகுதியில்.

எதிரே நிற்பது யார்?

முன்பின் தெரியாதவர்கள் வரிசையில் மட்டையை வைத்துவிட்டு நான்கு நான்கு பேராக ஆடும் திடலில் இதையும் யோசிக்கவேண்டும். இருவர் கிச்சன் கோட்டில் நிற்கும்போது இடைவெளி 4.3 மீட்டர்கூட இல்லை. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து அதைக் கால் விநாடியில் கடக்கும். பந்தைக் கண்டு கை அசையவே ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். போன மாதம் ஆடத் தொடங்கிய ஆன்ட்டியின் முகத்துக்கு நேரே அப்படி ஒன்றை அடித்துவிட்டு "சாரி" சொல்வதில் பயனில்லை. கண்ணில் பட்டால் காயம் மோசமாக இருக்கலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணிவது மிகையான எச்சரிக்கை அல்ல.

சத்தமும் இருக்கிறது. பிக்கல்பால் சத்தம் குறித்துச் சிங்கப்பூரின் குடியிருப்புப் பேட்டைகளில் புகார்கள் எழுந்துள்ளன. மென்மையான அடியில் அந்த 'டொக்' குறைவு. இரவு நேரத்தில் புளோக்குக்குப் பக்கத்தில் ஆடுபவர்கள் பழகிக்கொள்ள இதுவும் ஒரு காரணம்.

ஓங்கி அடிப்பவர் எதிரே வந்துவிட்டால்?

பதிலுக்கு நீங்களும் ஓங்காதீர்கள். மட்டையை நெஞ்சுக்கு முன்னால் வைத்து, பிடியைத் தளர்த்தி, பந்து மட்டையில் பட்டு அவருடைய கிச்சனில் செத்து விழும்படி தடுத்துவிடுங்கள். இரண்டு மூன்று முறை முன்னால் ஓடிவந்து குனிந்து எடுக்கவேண்டியிருந்தால் அவருக்கே அலுத்துவிடும். தோளுக்கு மேலே வேகமாக வருகிற பந்தைத் தொடவே வேண்டாம். ஒதுங்கிக்கொள்ளுங்கள், பெரும்பாலும் அது வெளியேதான் போய் விழும்.