வந்தவர் குடிகளாவது எப்போது?

பிழைப்பை நாடியோ, உயிருக்கஞ்சியோ கடல் கடந்து வந்த மக்கள், வந்த நாட்டின் குடிகளாவது எப்போது? வேர்வை சிந்திய நாள் முதலா? பிள்ளைகள் பிறந்த நாள் முதலா? அன்றி, அந்நாட்டுச் சட்டம் அவர்தம் பெயரை ஏட்டிலே எழுதிக்கொண்ட நாள் முதலா? சரித்திரம் இதற்குக் கூறும் விடை நமக்கு இனிப்பானதன்று. எனினும் அறிய வேண்டுவது.

சிங்கப்பூரில் ஃபேரர் பார்க் என வழங்கும் இடத்தில் 1843 முதல் குதிரைப் பந்தயம் நடந்தது. 1933-ல் பந்தயம் புக்கித் தீமாவுக்குப் பெயர்ந்தது. நகரசபைத் தலைவராயிருந்த ஃபேரர் துரையின் பெயர் இங்கு நிலைத்தது. அதன் அண்டையிலுள்ள சிராங்கூன் சாலையில் சுண்ணாம்புக் காளவாய்களிலும் மாட்டுத் தொழுவங்களிலும் பாடுபட்ட நம்மவர், அவ்வட்டாரத்தைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றனர். ஊருக்குப் பெயர் சூட்டியவர்களை அவ்வூர்க் குடிகளாக யார் எண்ணினார்? பிரிட்டிஷ் அரசரின் பிரஜைகள் என்றனர், அவ்வளவே.

அப்பிரஜைப் பட்டத்தின் விலை என்னவென்பது 1942 பிப்ரவரி 17-ல் அம்மைதானத்திலேயே வெளியாயிற்று. சிங்கப்பூர் சரணடைந்த இரண்டாம் நாள் அது. வெள்ளைச் சிப்பாய்கள் சாங்கிக்கு நடந்தனர். ஏறக்குறைய 45,000 இந்தியச் சிப்பாய்கள் மட்டும் ஃபேரர் பார்க்கில் நிறுத்தப்பட்டு, பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரால் ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைக்கப்பட்டனர். ஓர் அரசின் கீழ்ப் போரிட்டவர்கள் ஒரே நாளில் இரு கூறாயினர். தோட்டத் தமிழரோ பல்லாயிரவராகச் சயாம் மரண ரயிலுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். எஜமானனின் நிழல் வேறு, குடியுரிமை வேறு என்பதை அன்று கண்டோம்.

இனி, உலகின் மறுபுறம் நோக்குவோம். உக்ரேனிய உழவர் இருவர் 1891-ல் கானடாவில் இறங்கினர். 1914-க்குள் அங்குச் சென்ற அவ்வினத்தார் ஏறக்குறைய 1,70,000 பேர். பத்து டாலர் கட்டணத்திற்கு 160 ஏக்கர் நிலம். மூன்றாண்டு உழுது குடியிருந்தால் அது சொந்தம். அதே காலத்தில் நம் பாட்டனார் ரப்பர்க் காட்டுக்கு வந்தார். காட்டை அழித்தவருக்குக் கிடைத்தது லயத்தில் ஓர் அறை. வேலை நின்றால் அதுவும் இல்லை. அவர் சோம்பேறியல்லர், இவரும் சோம்பேறியல்லர். வேறுபாடு நிலத்தில் இருந்தது, சட்டத்தில் இருந்தது. ஆனால் கானடாவும் முதல் உலகப் போரில் ஆயிரக்கணக்கான உக்ரேனியரைப் பகைவரென முகாமில் அடைத்தது. 2022-ல் ரஷ்யப் படையெடுப்புக்கு அஞ்சி அவ்வினத்தார் மறுபடியும் அகதிகளானபோது, ஐரோப்பிய யூனியன் சில நாட்களுக்குள்ளேயே தங்கவும், வேலை செய்யவும், பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் உரிமை தந்தது. மனமிருந்தால் சட்டம் விரைந்து நடக்கும் என்பதற்கு இது சான்று.

மனமில்லாவிடில் என்ன ஆகும்? இலங்கையைப் பாருங்கள். 1948-ன் பிரஜா உரிமைச் சட்டம் மலைநாட்டுத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964-ல் இரு பிரதமர்கள் கூடி, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டனர். கூறு போடப்பட்டவை தேயிலை மூட்டைகளல்ல, மனிதர்கள்!

சிங்கப்பூரில் 1957-ல் பிரஜா உரிமைச் சட்டம் வந்தபோது, ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழரைப் பதிந்துகொள்ளும்படி ஓயாது வற்புறுத்தினார். “நாளைக்கு ஊருக்குப் போய்விடுவோம்” என்றிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அந்நாட்டுக் குடிகள்.

தோட்டத்தில் கிராணியாக உள்ள நான் இதை ஏன் எழுதுகிறேன்? எங்கள் தோட்டத்துப் பாட்டியொருத்தி இங்கேயே பிறந்தவள். ஐம்பதாண்டு பால் வெட்டியவள். கையிலிருப்பதோ சிவப்பு அடையாள அட்டை. பழைய செக்ரோல் ஏடுகளில் அவள் பெயர் மாதந்தோறும் தவறாமல் இருக்கிறது. பிறப்புப் பத்திரம் மட்டும் இல்லை. கூலி கொடுக்க அவளை அறிந்த உலகம், உரிமை கொடுக்க அறியவில்லை.

ஆதலின் தோழர்களே, பிறந்த குழந்தையின் பெயரை உடனே பதியுங்கள். கோயிலில் தாலி கட்டியதோடு நில்லாமல் திருமணத்தையும் பதியுங்கள். மலேசியாவில் 1982 முதல் அது சட்டம். பதியாத மணத்தில் பிறந்த பிள்ளை தாயின் குடியுரிமையையே தொடரும். தாய்க்கு அது இல்லையேல் பிள்ளைக்கும் இல்லாமற்போகலாம். பாட்டன் அழித்த காட்டில் பேரன் அந்நியனாக நிற்பது விதியன்று. நம் அசட்டையும் அதில் ஒரு பங்கு.