ஜிம்னிக்குப் பெரிய டயர் வேண்டுமா? கல்லாறு – பொன்முடி மலைச்சாலையில் ஒரு கணக்கு

கல்லாறு (திருவனந்தபுரம்): கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுராவைக் கடந்து பொன்முடிக்குச் செல்லும் சாலையில் மலையேற்றம் தொடங்கும் இடத்தில் அமைந்துள்ள சிற்றூர் கல்லாறு. உருண்டைக் கற்கள் பரவிய ஆற்றின் பெயரே ஊருக்கும் வாய்த்தது. மேட்டுப்பாளையம் அருகே நீலகிரி மலை ரயில் பாதையில் உள்ள கல்லாறு வேறு. இங்கிருந்து ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்தில் உள்ள பொன்முடியை அடைய 22 கொண்டை ஊசி வளைவுகளைக் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் சாலையில் நீர் வழிந்தோடும். மண்சரிவால் போக்குவரத்து நிறுத்தப்படுவதும் உண்டு.

இத்தகைய மலைச்சாலைகளை மனத்தில் வைத்துச் சிறிய நான்கு சக்கர இயக்க வாகனம் வாங்குவோரிடம் அடுத்து எழும் விருப்பம் பெரிய டயர். மாருதி சுசுகியின் ஐந்து கதவு ஜிம்னி 2023 ஜூனில் இந்தியச் சந்தைக்கு வந்தபின் இவ்விருப்பம் மேலும் பரவியுள்ளது. பெரிய டயர் வாகனத்துக்குக் கம்பீரமான தோற்றத்தைத் தருகிறது என்பதில் ஐயமில்லை. அது வாகனத்திடமிருந்து எதை எடுத்துக்கொள்கிறது என்பது வாங்கும்போது பெரும்பாலும் பேசப்படுவதில்லை.

டயரில் உள்ள எண்கள்

ஜிம்னியுடன் நிறுவனம் வழங்கும் டயரின் அளவு 195/80 ஆர்15. இதில் 195 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது பக்கச்சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை விழுக்காடு என்பதைக் குறிக்கும். அதாவது 156 மி.மீ. 'ஆர்' ரேடியல் வகையையும், 15 என்பது சக்கர வட்டின் விட்டத்தை அங்குலத்திலும் சுட்டும். வட்டின் விட்டமான 381 மி.மீ.-உடன் இரு பக்கச்சுவர்களையும் கூட்டினால் டயரின் முழு விட்டம் 693 மி.மீ. ஆகிறது.

ஜிம்னி உரிமையாளர்கள் அதிகம் நாடும் மாற்று அளவுகள் இரண்டு. 215/75 ஆர்15 டயரின் விட்டம் ஏறத்தாழ 703 மி.மீ.; இது 1.5 விழுக்காடு உயர்வு. 235/75 ஆர்15 டயரின் விட்டம் 733 மி.மீ.-க்குச் சற்று அதிகம், இது 5.8 விழுக்காடு உயர்வு.

விட்டம் எவ்வளவு கூடினாலும் அதில் பாதிதான் வாகனத்தின் அடியில் கிடைக்கும். மறுபாதி அச்சுக்கு மேலே, சக்கர வளைவுக்குள் செல்கிறது. எனவே ஜிம்னியின் 210 மி.மீ. தரை இடைவெளி முதல் மாற்றில் சுமார் 5 மி.மீ., இரண்டாவதில் சுமார் 20 மி.மீ. மட்டுமே உயரும். ஆற்றங்கரைக் கற்களுக்கு நடுவே 20 மி.மீ. என்பது புறக்கணிக்கத்தக்க அளவன்று. 5 மி.மீ. உயர்வையோ ஓட்டுநர் உணரவே மாட்டார்.

பெரிய டயரின் உண்மையான நியாயம்

ஜிம்னியின் முன்னும் பின்னும் இருப்பவை திட அச்சுகள். வாகனத்தின் அடியில் மிகத் தாழ்வாக இருக்கும் பகுதி, அந்த அச்சுகளின் நடுவே உருண்டையாகத் தெரியும் டிஃபரன்ஷியல் கூடு. நீளமான ஸ்பிரிங்குகளைப் பொருத்தி வாகனத்தை உயர்த்துவோர் உயர்த்துவது மேற்கூட்டை மட்டுமே. அச்சு இருந்த உயரத்திலேயே இருக்கும். டிஃபரன்ஷியலைக் கல்லில் மோதாமல் உயர்த்துவதற்குப் பெரிய டயரைத் தவிர எளிய வழி வேறில்லை. பெரிய டயர் சிறு பள்ளங்களின் மீதும் கற்களின் மீதும் சற்று எளிதாக உருண்டேறும். கரடுமுரடான பாதைகளில் அடிக்கடி செல்வோருக்கு இவ்விரண்டும் வலுவான காரணங்களே.

மாதம் ஒருமுறை பொன்முடிக்குத் தார்ச்சாலையில் சென்று திரும்புவோருக்கு இக்காரணங்கள் பொருந்தா.

ஏற்றத்திலும் இறக்கத்திலும் நேர்வது

ஜிம்னியின் 1.5 லிட்டர் பெட்ரோல் என்ஜின் 134 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருவது. தாராளமான விசை என்று இதைச் சொல்ல இயலாது. டயரின் விட்டம் 5.8 விழுக்காடு கூடும்போது, அதே கியரில் சாலையை உந்தும் விசை சுமார் 5.5 விழுக்காடு குறைகிறது. எல்லா கியர்களும் சற்று நெடியனவாக மாறிவிடுகின்றன என்று கொள்ளலாம். இரண்டாம் கியரில் ஏறிய வளைவில் முதல் கியரை நாட நேரும். குறைவேக கியர் அமைப்பை இணைத்தால் விசை ஏறத்தாழ இரு மடங்காகிவிடும் என்பதால் காட்டுப்பாதையில் இக்குறை அவ்வளவாகத் தெரியாது. அது தெரிவது, குறைவேக அமைப்பைப் பயன்படுத்தாத தார்ச்சாலை ஏற்றத்தில்தான்.

இறக்கத்தில் நிலைமை மேலும் கவனிக்கத்தக்கது. பொன்முடியிலிருந்து இறங்கும்போது தாழ்ந்த கியரில் என்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்தும் வகையில் ஓட்டுவதே மலைச்சாலை ஓட்டுநர்களின் வழக்கம். அந்தப் பிடிப்பும் அதே விகிதத்தில் தளர்கிறது. பிரேக் மிதியை முன்போலவே அழுத்தினாலும் டயரின் ஆரம் கூடியதால் சாலையில் கிடைக்கும் தடுப்பு விசை குறையும். பெரிய டயர் எடையும் கூடியது. அதன் சுழற்சியை நிறுத்தவும் கூடுதல் உழைப்பு தேவை. 22 வளைவுகளிலும் பிரேக்கை மட்டுமே நம்பி இறங்குவோருக்கு அது சூடேறிப் பிடிப்பிழக்கும் அபாயம் இதனால் உயர்கிறது. பெரிய டயர் விற்போர் ஏற்றத்தின் வேகத்தைப் பற்றியாவது பேசுவர். இறக்கத்தைப் பற்றிப் பேசுவோர் அரிது.

வேகமானியும் பொய் சொல்லத் தொடங்கும். முன்பு 60 கி.மீ. என்று காட்டிய அதே நிலையில் வாகனம் 63.5 கி.மீ. வேகத்தில் செல்லும். ஓடிய தொலைவு 10,000 கி.மீ. என மீட்டர் காட்டும்போது வாகனம் 10,580 கி.மீ. ஓடியிருக்கும். பராமரிப்புக் காலக் கணக்கும் எரிபொருள் கணக்கும் இதனால் தவறும். மைலேஜ் குறைந்துவிட்டது என்று வருந்துவோர் முதலில் இந்த வேறுபாட்டைக் கழித்துப் பார்ப்பது நல்லது. கழித்த பின்னரும் ஓரளவு குறைவு இருக்கவே செய்யும்.

மற்றொன்று உரசல். கடைவாசலில் நேராக நிற்கும் வாகனத்தில் எந்த டயரும் பொருந்தியதாகவே தோன்றும். கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங் முழுவதுமாகத் திருப்பப்பட்டு, வெளிப்புற ஸ்பிரிங் அமுங்கிய நிலையில்தான் 235 அளவு டயர், பம்பரின் உட்புறத்திலோ சக்கர வளைவிலோ உரசும் வாய்ப்பு ஏற்படுகிறது. பொருத்திய உடனேயே, நால்வரை ஏற்றிக்கொண்டு இருபுறமும் முழுமையாகத் திருப்பிச் சோதிக்காமல் பணம் செலுத்தலாகாது.

அகலமும் தடமும்

அகலமான டயர் எப்போதும் அதிகப் பிடிப்புத் தரும் என்பது பரவலான நம்பிக்கை. மணலில் அது உண்மை. அகலம் வாகனத்தைப் புதையாமல் தாங்கும். தென் கேரளத்தின் மலைச்சரிவுகளில் பெரும்பாலும் காணப்படுவதோ செம்மண்ணும் சரளையும். மேலே வழுக்கும் சேறும் அதன் கீழே கெட்டித்தரையும் உள்ள இடங்களில், குறுகிய டயரே சேற்றை அறுத்துக்கொண்டு அடித்தரையைப் பற்றும். இராணுவமும் காவல்துறையும் நீண்ட காலம் பயன்படுத்திய மாருதி ஜிப்சி, அகலமான டயர் எதுவுமின்றியே மலைப்பாதைகளில் பெயர் பெற்ற வாகனம்.

அளவைவிடத் தடத்தின் வகையே பயணத்தை அதிகம் மாற்றுகிறது. நெடுஞ்சாலைக்கான 'ஹைவே டெரெய்ன்', இருவகைப் பாதைகளுக்கான 'ஆல் டெரெய்ன்', சேற்றுக்கான 'மட் டெரெய்ன்' என மூன்று வகைகள் உள்ளன. சேற்று டயரின் கட்டிகளுக்கு இடையே அகன்ற இடைவெளி இருப்பதால் அது சேற்றை உதறித் தள்ளும். ஆனால் நனைந்த தார்ச்சாலையில் தொடும் ரப்பர் குறைவு, பிரேக் பிடித்தால் நிற்கும் தொலைவு கூடும், இரைச்சலும் மிகும். கல்லாறு – பொன்முடி வழி ஆண்டின் பல மாதங்கள் நனைந்த தார்ச்சாலையே. இங்கே சேற்று டயர் பொருத்துவது தேவையில்லாத ஆபத்தை விலைகொடுத்து வாங்குவதாகும். நிறுவனம் தந்த அளவிலேயே, அல்லது அதற்கு மிக நெருங்கிய அளவில், ஆல் டெரெய்ன் வகையைத் தேர்ந்தால் பெரும்பாலோரின் தேவை நிறைவடைந்துவிடும்.

அதற்கும் முன் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. கரடுமுரடான பாதையில் நுழையுமுன் டயரின் காற்றழுத்தத்தைச் சில பி.எஸ்.ஐ. குறைத்தால், தரையைத் தொடும் பரப்பு நீண்டு பிடிப்பு கூடும்; கற்களின் மேல் குலுக்கலும் தணியும். தார்ச்சாலைக்குத் திரும்பியதும் ஓட்டுநர் கதவருகே ஒட்டப்பட்டுள்ள அளவுக்கு மீண்டும் நிரப்ப வேண்டும். குறைந்த காற்றுடன் வேகமாகச் சென்றால் பக்கச்சுவர் சூடேறி டயர் சிதைந்துவிடும். 12 வோல்ட் காற்றடிப்பான் ஒன்றும் அழுத்தமானி ஒன்றும் ஐந்து புதிய டயர்களைவிடப் பன்மடங்கு மலிவானவை.

சட்டம் சொல்வது

வாகனத்தின் அடிப்படை அமைப்பை உற்பத்தியாளர் வகுத்ததிலிருந்து மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு கட்டுப்படுத்துகிறது. கேரளத்திலிருந்து சென்ற ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளரின் மூல விவரக்குறிப்புக்கு மாறாக வாகனத்தைத் திருத்த இயலாது என்று கூறியது. அதே ஆண்டு சட்டத்தில் சேர்க்கப்பட்ட 182 ஏ பிரிவின்படி, அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

அதே மாதிரியின் உயர்வகைக்கு நிறுவனமே வழங்கும் அளவைத் தேர்வது பாதுகாப்பான வழி. 2020-இல் வெளிவந்த மகிந்திரா தாரில் 245/75 ஆர்16, 255/65 ஆர்18 என இரு அளவுகள் நிறுவனத்தாலேயே வழங்கப்பட்டன. ஜிம்னியில் இந்த வாய்ப்பு இல்லை. அதன் இரு வகைகளுக்கும் 195/80 ஆர்15 ஒன்றே அளவு. மேற்கூட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருக்கும் டயர்கள் கேரள மோட்டார் வாகனத் துறையின் சோதனைகளில் முதலில் கண்ணில் படுபவை. விபத்து நேர்ந்தால், அறிவிக்கப்படாத மாற்றத்தைக் காரணம் காட்டிக் காப்பீட்டுக் கோரிக்கையில் சிக்கல் எழவும் கூடும். அளவை மாற்ற எண்ணுவோர், டயர்க் கடையில் கேட்பதற்கு முன் தங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்து மூலம் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆற்றில் இறங்கலாமா?

பெரிய டயர் பொருத்தியோரிடம் தோன்றும் துணிச்சல்களில் மிகக் கொடியது ஆற்றைக் கடக்கலாம் என்பது. மலைமேல் பெய்யும் மழையால் கல்லாற்றில் நீர் திடீரென உயரும். கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் இது நிகழும். வட்டக்கயம் போன்ற பகுதிகளில் குளிக்க இறங்கிப் பலர் உயிரிழந்துள்ளனர். ஓடும் நீர் 30 செ.மீ. ஆழம் இருந்தாலே பெரும்பாலான கார்களையும், 60 செ.மீ. இருந்தால் எஸ்.யு.வி. வகை வாகனங்களையும் அடித்துச் செல்லக்கூடும் என்று அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை எச்சரிக்கிறது. ஜிம்னியின் எடை ஏறத்தாழ 1,200 கிலோ மட்டுமே. காற்று நிறைந்த பெரிய டயர்கள் நீரில் மிதவைகளைப் போலச் செயல்பட்டுத் தரைப்பிடிப்பை மேலும் குறைக்கும். மீன்முட்டி அருவிப் பக்கம் உள்ளிட்ட வனப்பகுதிகளில் அனுமதியின்றி வாகனம் ஓட்டுவது தனிக் குற்றம்.

வாங்கும்போது

இவ்வளவுக்குப் பிறகும் மாற்ற முடிவு செய்தால், ஜிம்னியைப் பொறுத்தவரை கியர், பிரேக், வேகமானி ஆகியவற்றை அதிகம் பாதிக்காத 215/75 ஆர்15 ஓரளவு ஏற்கத்தக்கது. சட்ட நிலை அதற்கும் பொருந்தும். டயரின் சுமைக் குறியீடு பழையதைவிடக் குறையக் கூடாது. 96 என்ற குறியீடு ஒரு டயர் 710 கிலோ தாங்கும் என்பதையும், அதையடுத்து வரும் வேக எழுத்து அதன் உச்ச வேகத்தையும் குறிக்கும். பக்கச்சுவரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். அங்கே காணப்படும் நான்கு இலக்க எண் உற்பத்திக் காலம். '2324' என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். டயர் இறக்குமதி 2020 ஜூன் முதல் கட்டுப்பாட்டுக்குள் இருப்பதால், அயல்நாட்டு டயர்களில் பழைய இருப்பு விற்பனைக்கு வரும் வாய்ப்பு உண்டு; இந்த எண்ணைப் பாராமல் வாங்கலாகாது. தடத்தின் ஆழம் 1.6 மி.மீ.-க்குக் கீழ் தேய்ந்தால் மாற்றியாக வேண்டும் என்பது விதி.

வாங்க வேண்டியவை நான்கு அல்ல, ஐந்து. ஜிம்னியின் நான்கு சக்கர இயக்கத்தில் முன், பின் அச்சுகளுக்கு இடையே வேக வேறுபாட்டை ஏற்கும் நடு டிஃபரன்ஷியல் கிடையாது. சக்கரங்களின் விட்டம் மாறுபட்டால் நான்கு சக்கர இயக்கத்தில் அவ்வேறுபாடு பல்சக்கரங்களின் மேல் இறுக்கமாக ஏறும். பழைய அளவிலேயே விட்டுவிட்ட உபரி டயரை வழியில் மாட்டிக்கொண்டு நான்கு சக்கர இயக்கத்தில் மலையேறுவது டிரான்ஸ்ஃபர் கேஸைப் பழுதாக்கும் வழி. ஐந்தாவது டயரும் பெரிதானால், அதைத் தாங்கும் பின்கதவின் கீல்களில் சுமை கூடும். பின்கண்ணாடி வழியே தெரியும் காட்சியும் சற்றுக் குறையும்.